குரங்கு கை நுழையும் சந்து

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே பத்மா, என் சிநேகிதி. மடியில் அரக்குக் கலர் முகூர்த்தப் புடவை. அவளுக்கு எதிரே உஷா, எங்களிடம் புதிதாக வேலைக்கு வந்தவள். உஷா ஏதோ சொல்கிறாள், பத்மா வாயில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணாடிக் கதவில் சத்தம் வராது. சத்தமில்லாமல் இரண்டு பேர் சிரிப்பதை வெளியே நின்று பார்த்திருக்கிறீர்களா? நம்மைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும்.

அந்தக் கதவை நான் ஒருநாளும் தட்டியதில்லை. ஒரு விரலால் தள்ளினால் சர்ரென்று போகும், நான் உள்ளே போவேன். அன்றைக்கும் தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்து, டக்கென்று நின்றுவிட்டது. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் மூன்று விரல் அளவுக்கு ஒரு சந்து. அவ்வளவுதான்.

பத்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சந்து வழியாகக் குரல் வந்தது.

"இரு ஸ்டெல்லா, உள்ள கட்டை போட்டிருக்குது. உஷா, எடுத்து வுடு."

உஷா எழுந்து வந்து, சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். தரையில் கதவு ஓடும் பள்ளத்திலிருந்து ஒரு சவுக்குக் கட்டை துள்ளி வெளியே விழுந்தது. கயிற்றின் நுனியில் பச்சைப் பட்டில் ஒரு குஞ்சம் வேறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"எப்படிக்கா இருக்குது நம்ம பூட்டு?" என்றாள்.

நம்ம பூட்டாம்! எங்களுடைய என்று சொன்னால் என்னைத் தள்ளிவிட்டதாகத் தெரிந்துவிடும், நம்ம என்றால் என்னையும் சேர்த்ததாகிவிடும் என்று தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் உஷா வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை.

"கதவுக்குக் குஞ்சம் கட்டுற வீட்டை இப்பதான் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கதவு வந்த கதை

கண்ணாடிக் கதவு எப்படிக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சந்துக்குள் வந்தது என்று கேட்பீர்கள். பத்மாவின் வீட்டுக்காரர் சேகர் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளர். கடையைப் புதுப்பித்தபோது பழைய அலுமினியக் கதவைக் கழற்றிப் போட்டார்கள். சேகர் அதை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு முன்னறைக்கு மாட்டிவிட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது.

இரண்டு கண்ணாடிப் பலகை. ஒன்று அசையாது. இன்னொன்று அதற்கு உள்பக்கமாக ஓடும். எல்லாம் சரி, பூட்டு மட்டும் இல்லை. பூட்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை.

"யாரு வரப்போறாங்க, நம்ம தெருதானே," என்றார் சேகர்.

அந்த முன்னறைதான் எங்கள் பட்டறை. தறியிலிருந்து அறுத்து வரும் புடவையில், முந்தானை ஓரத்தில் கொஞ்சம் இழை நெய்யாமல் தொங்கும். அதைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுக் குஞ்சம் ஆக்குவது எங்கள் வேலை. செல்போன் வைத்திருப்பவரைத் திரும்பிப் பார்த்த காலம் அது. கடைகளிலிருந்து புடவைகள் துணிமூட்டையில் வரும், அப்படியே திரும்பிப் போகும். கல்யாண மாதங்களில் எங்கள் இரண்டு பேரால் சமாளிக்க முடியவில்லை. அதனால்தான் பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து உஷா வந்தாள். தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள்.

வந்தவள் வேலையைச் செய்துவிட்டுப் போகலாம் இல்லையா? பத்மாவுக்குத் தலைவலி என்றால் இவள் தைலம் தேய்ப்பாள். பத்மாவுக்குப் பிடிக்கும் என்று புளிக்காத மோராகப் பார்த்துக் கொண்டுவருவாள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று சொல்வார்களே, நான் அந்த ஊர்ப் பிடாரி.

இந்தத் தொடரைத் தட்டச்சு செய்து கொடுக்கும் என் மகள், "உனக்கே அசிங்கமா இல்லையாம்மா, இதையெல்லாம் எழுதறியே," என்கிறாள். இதில் என்ன அசிங்கம்? பொறாமைதான். வயிற்றில் இருக்கிறதை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

முதல் எதிரி

பூட்டில்லாத கதவுக்கு மனிதரால் ஆபத்து வரவில்லை. கோபுரத்துக் குரங்கால் வந்தது.

நாங்கள் மூவரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சர்ரென்று சத்தம். நான்தான் கதவைத் தள்ளினேனோ என்று பத்மா திரும்பிப் பார்த்தாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு தாட்டியான பெட்டைக் குரங்கு, கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, ஒரு பெண்ணின் கூறைப் புடவையை இழுத்துக்கொண்டு வெளியே போகிறது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஏறி உட்கார்ந்து, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டது.

குரங்கு கையில் பூமாலை என்று படித்திருக்கிறேன். பட்டுப்புடவையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் புடவைக்கு ஒன்று ஆகியிருந்தால் எங்களுக்கு எந்தக் கடையும் வேலை கொடுத்திருக்காது.

பத்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உஷா என்ன செய்தாள் தெரியுமா? எதிரே இஸ்திரி வண்டிக்காரர் டீக்கு வைத்திருந்த பன்னை வாங்கி, தானே கடித்துத் தின்கிற மாதிரி குரங்குக்குக் காட்டி, தெருவில் ஓடினாள். குரங்கு புடவையைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடியது. புடவையில் ஒரு ஜரிகை இழை மட்டும் பிசிறியிருந்தது. அதையும் ஊசியால் உள்ளே தள்ளிச் சரி பண்ணிவிட்டாள்.

"நீ மட்டும் இல்லைன்னா என் பொழைப்பு போயிருக்கும்டி," என்று பத்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதுவரை அந்தக் கையால் என்னைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் எனக்குச் செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். போய்விட்டு நாலைந்து நாள் கழித்து வந்தேன். வந்த அன்றுதான் நான் சொன்ன அந்த வெயில், அந்தச் சிரிப்பு, அந்தச் சவுக்குக் கட்டை எல்லாம். நான் இல்லாதபோது இரண்டு பேருமாகச் சேர்ந்து பூட்டுச் செய்திருக்கிறார்கள்.

காணாமல் போன வளையல்

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் வேலையில் வளையல் ஆகாது. பட்டு இழை வளையலில் மாட்டினால் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடும். வந்து உட்கார்ந்ததும் வளையலைக் கழற்றி ஒரு தகரத் தட்டில் போடுவோம். சாயங்காலம் கிளம்பும்போது மாட்டிக்கொள்வோம். கல்யாணத்துக்குக் கிளம்பின அவசரத்தில் என் கவரிங் வளையல் இரண்டையும் தட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

வந்து பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது.

அது வெறும் கவரிங்தான். ஆனால் வாங்கிக் கொடுத்தது பத்மா. கருடசேவைக் கூட்டத்தில், சின்ன காஞ்சிபுரம் முழுக்க வளையல் கடை வளையல் கடையாக என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலைந்தாள். என் அளவு எங்கேயும் கிடைக்காது. என் கை அப்படி. இரண்டு பெற்ற பிறகும் பள்ளிக்கூடத்துப் பெண் கை. விரல் முட்டியைத் தாண்டிவிட்டால் வளையல் முழங்கை வரைக்கும் ஏறிவிடும். "இது கொழந்தைங்க சைசும்மா," என்று கடைக்காரர் சொன்னதற்கு, "எங்க கொழந்தைக்குத்தான்," என்று பத்மா என்னைக் காட்டினாள். அந்த வளையல்.

"தட்டுல ரெண்டு வெச்சேன். ஒண்ணு எங்கடி?" என்றேன்.

"தேடலாம், எங்க போயிடப் போவுது," என்றாள் பத்மா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உஷா பாயைத் தூக்கித் தேடினாள். துணிமூட்டையை உதறித் தேடினாள். கேட்காமலே பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் தேடினாள். அவ்வளவு அக்கறையாக எவளும் அடுத்தவள் வளையலைத் தேடமாட்டாள். எடுத்தவள்தான் தேடுவாள்.

அல்லது, அதைவிட மோசமாக, பத்மாவே எடுத்து அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் கைக்கு அது நுழையாதே. உஷா நல்ல சதைப்பிடிப்பான பெண். இப்படி யோசித்து யோசித்து இரவில் சாதம் இறங்கவில்லை.

ஆறாம் வகுப்பு

எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்று புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆறாம் வகுப்பில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேப்பமரத்தடியில் பத்மா விழுந்தாள். வலிப்பு. பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கப் பார்த்தாள். எனக்கு எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு இப்படி வரும்போது அவர் அம்மா என்ன செய்வார் என்று தெரியும். பக்கத்தில் கிடந்த கல்லையெல்லாம் தள்ளினேன். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தலை தரையில் மோதாமல் இருக்க அவள் கன்னத்துக்கு அடியில் என் உள்ளங்கையை வைத்தேன். அடங்கும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

கண் விழித்ததும், "யாருகிட்டயும் சொல்லாத," என்றாள்.

எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இதில் யாரிடம் சொல்லாமல் இருப்பது? ஆனால் அவள் வேறு பள்ளிக்கு மாறினாள். நானும் அழுது அடம்பிடித்து அதே பள்ளிக்கு மாறினேன். அங்கே நான் ஒருத்திதான் அறிவேன். பிறகு கல்யாணம் பேசும்போது சேகரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னதும் நான்தான். மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாத்திரை போட்டுக்கொண்டால் மாதக்கணக்கில் வராது. வந்தால் சேகர் அல்லது நான். ஊரிலேயே இரண்டு பேர்.

சொத்து என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், யாருக்கும் வைக்கத் தெரியாத இடத்தில் என் கையை வைக்கத் தெரியும். புளிக்காத மோர் கொண்டுவருகிறவளுக்கு அது கிடையாது என்று நினைத்து நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

என் கட்டை

உஷாவின் பூட்டில் குறை கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

பூட்டு எப்படி என்றால், கதவு ஓடிப்போய் நிற்கும் பள்ளத்தில் ஒரு கட்டையைப் படுக்க வைக்க வேண்டும். கட்டை முட்டுக் கொடுத்தால் கதவு ஓடாது. அவ்வளவுதான் வித்தை. ஆனால் கட்டையின் நீளம் பள்ளத்தின் நீளத்துக்குச் சரியாக இருக்க வேண்டாமா? உஷா வெட்டியது குட்டை. எவ்வளவு குட்டையோ அவ்வளவு சந்து.

"இன்னா அளவுடி எடுத்த? குரங்கு கை நுழையும் இந்தச் சந்துல," என்றேன்.

உஷா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். பத்மா ஊசியைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லடி. குரங்கு கை நுழைஞ்சா நுழையட்டும். அதுக்குக் கயித்தை இழுக்கத் தெரியாது."

"கதவைத் தள்ளத் தெரிஞ்சுதா இல்லையா? கயிறும் இழுக்கும். குஞ்சம் வேற கட்டி வா வான்னு கூப்புடுறீங்க."

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் எங்கள் ஜன்னல் திரையைக் கழற்றினேன். திரை தொங்கிய தேக்குக் கம்பை எடுத்துக்கொண்டேன். திரை என்னாச்சு என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, வெளிச்சம் வரட்டும் என்றேன்.

பள்ளத்தின் நீளத்தை எதால் அளப்பது? எங்கள் வீடுகளில் டேப் தேடுகிற வழக்கமில்லை. கையில் இருப்பது இழை. பட்டறையிலிருந்து கிளம்பும்போதே ஒரு பட்டு இழையைப் பள்ளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பிடித்து, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைக் கம்பின்மேல் வைத்து இழுத்துப் பிடித்து, ஆக்சா பிளேடால் அறுத்தேன். கைப்பிடி இல்லாத பிளேடு, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். மறுநாள் கொண்டுபோனால் கட்டை ஒரு நெல்லளவு நீளம் கூட. பள்ளத்தில் இறங்கவே இல்லை.

பட்டு இழுத்தால் நீளும். பிறந்ததிலிருந்து பட்டு இழையில் புரண்டவளுக்கு இது தெரியாதா? தெரியும். கோபத்தில் இழுத்த இழுப்பு அப்படி. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"அக்கா, நான் வேணா பாக்கட்டுமா?" என்றாள் உஷா.

"நீ உன் வேலையப் பாரு."

வாசலில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்ப்பது, வைத்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. தேக்கு வாசனை முந்தானையெல்லாம் ஏறியது. இரண்டு நுனிக்கும் சைக்கிள் டியூப் ரப்பர் வெட்டிச் சுற்றினேன். கடைசியில் வைத்து அழுத்தியபோது, க்ளக் என்று உட்கார்ந்தது பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கதவைத் தள்ளிக் காட்டினேன். அசையவில்லை.

"பாத்தியா? ஊசி நுழையாது."

பத்மா கதவையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரொம்ப இறுக்கமா இருக்குதேடி. அந்தக் கட்டையும் இருக்கட்டுமே."

"பூட்டுன்னா இறுக்கமாத்தான் இருக்கும். அது எதுக்கு இனிமே?"

சொல்லிவிட்டு, உஷாவின் சவுக்குக் கட்டையைக் கயிறு, குஞ்சத்தோடு எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் வீட்டு வெந்நீர் அடுப்பிலேயே வைத்தேன். பட்டுக்குஞ்சம் கருகினால் முடி கருகிய வாடை வரும். வந்தது.

"எரிச்சிட்டியா?" என்று பத்மா கேட்டாள்.

"ஆமா. இன்னா இப்ப?"

பத்மா திரும்பி உஷாவைப் பார்த்தாள். உஷா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குள் எனக்கு இடமில்லை என்று தெரிந்தது. அதற்காகவே இன்னொரு கட்டை இருந்தால் அதையும் எரித்திருப்பேன்.

க்ளக்

அதன்பிறகு கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். நாங்கள் யாராவது கூட இருந்தால் பத்மா கட்டை போடமாட்டாள். நாங்கள் கிளம்பும்போது கட்டையைக் கையில் எடுத்தாலே அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். என் வேலையில் குறை சொல்ல முடியாத கடுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். உஷா முடித்த புடவைகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். தெருவில் குரங்குக் கூட்டம் இறங்கியிருந்ததால் பத்மா பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டு, முன்கதவுக்குக் கட்டை போட்டு உள்ளே தனியாக இருந்தாள்.

ஒரு தூக்கில் நெத்திலிக் குழம்பு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கண்ணாடி வழியாக முதலில் தெரிந்தது அவள் கால். பாதம் தரையில் உதைத்துக்கொண்டிருந்தது.

தூக்கை எங்கே போட்டேன் என்று தெரியாது. கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். தலை தரையில் மோதுவது தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்திலேயே கத்தரிக்கோல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அவள் கை அதன் பக்கமாகவே போய்ப்போய் வருகிறது.

"பத்மா! பத்மா!" என்று கண்ணாடியை அடித்தேன். என் கட்டை நான் சொன்ன மாதிரியே உட்கார்ந்திருந்தது. ஊசி நுழையவில்லை.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தாள் உஷா. உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"கையை வுடுக்கா! சந்துல கையை வுட்டு கயித்தை இழு!"

"எந்தச் சந்து?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. சந்து இல்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் எதிரே இருந்த இஸ்திரி வண்டிக்கு ஓடி, கரி கனன்றுகொண்டிருந்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். "தள்ளிக்கோ!" என்று சொல்லி, அசையாத கண்ணாடியின் கீழ்மூலையில் ஓங்கி இடித்தாள். கண்ணாடி கொட்டியது. தணல் சிதறியது.

உடைந்த ஓட்டையில் என் கையை விட்டேன். முழங்கை வரை கிழித்தது. கட்டையைப் பிடித்து நெம்பினேன். வரவில்லை. அவ்வளவு இறுக்கம். இரண்டாம் முறை நெம்பியதும் வந்தது.

உள்ளே போய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்துக்கு அடியில் கையை வைத்தேன். ரத்தம் அவள் கன்னமெல்லாம் ஆனது. நான் சொல்வதற்கு முன்னாலேயே உஷா கத்தரிக்கோலைத் தள்ளி, ஊசி டப்பாவைத் தள்ளி, ரவிக்கைக் கொக்கியைத் தளர்த்திவிட்டு, தள்ளி உட்கார்ந்துகொண்டாள். சாவி தேடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, கத்தவில்லை. எல்லாம் தெரிந்தவள் மாதிரி இருந்தாள்.

அந்த நேரத்திலும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

யார் சொன்னது

பத்மா கண் விழித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. என் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டிருந்தாள் உஷா. நான் கேட்டே விட்டேன்.

"இவளுக்கு எப்படிடி தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"நீ செங்கல்பட்டு போயிருந்தியே, அப்ப ஒரு தபா வந்துச்சு. இவதான் கூட இருந்தா. அப்புறம் சொல்லாம இன்னா பண்றது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ஆடுவ. ஆடுவியா மாட்டியா?"

ஆடுவேன். அதில் என்ன சந்தேகம்?

பத்மா தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "குரங்கு வந்ததும் பூட்டு போடணும்னு அவரு சொல்லிட்டாரு. எனக்குப் பூட்டுன்னா பயம்டி. உள்ள வுழுந்து கெடந்தா யாரு வருவாங்க? இவகிட்ட சொன்னேன், பூட்டும் இருக்கணும், ஸ்டெல்லா கை மட்டும் உள்ள வரணும்னு."

உஷா எழுந்துபோய் தன் ஊசி டப்பாவைக் கொண்டுவந்தாள். அடியில் மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்தாள். என் வளையல்.

"அளவுக்கு எடுத்தேங்க்கா," என்றாள். "இந்த வளையலு உங்களுக்கு முழங்கை வரைக்கும் ஏறும்ல? அப்ப இது நிக்குற அளவுக்குச் சந்து வுட்டா, உங்க கையும் முழங்கை வரைக்கும் உள்ள வந்துடும்னு கணக்குப் பண்ணேன். உங்க கை எட்டுற எடத்துலதான் கயித்துக்கு ஆணி அடிச்சேன். என் கையெல்லாம் பாதியிலயே மாட்டிக்கும். குடுத்துடலாம்னுதான் இருந்தேன். எதுக்கு எடுத்தன்னு கேட்டீங்கன்னா இன்னா சொல்றதுன்னு தெரியல."

நான் வளையலை வாங்கிக்கொண்டேன். கட்டுப் போட்ட கையில் மாட்ட முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன்.

"குரங்கு கை நுழையும்னு சொன்னியே," என்றாள் பத்மா. அந்தச் சோர்விலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எப்படி அடக்கிக்கினு இருந்தோம் தெரியுமா?"

உஷாவும் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. அந்தச் சந்து எனக்காக விட்டது. அதைத்தான் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அடைத்திருக்கிறேன். இதில் எனக்குத் தாங்காதது எது தெரியுமா? வளையலை அளவுக்கு எடுக்கலாம் என்ற யோசனை எனக்கு வரவில்லை. அவளுக்கு வந்தது.

கடைசி அளவு

சேகர் கண்ணாடி மாற்றி முடித்த அன்று, புதுக் கட்டை நானே வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. அதே தேக்குக் கம்பைப் பள்ளத்தில் படுக்கவைத்தேன். பக்கத்தில் என் வளையலை நிற்கவைத்து, அதன் அகலம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அந்த இடத்தில் அறுத்தால் தீர்ந்தது. என் கை போகும். ஊரில் வேறு எந்தக் கையும் போகாது. எவ்வளவு அழகான பூட்டு.

ஆக்சா பிளேடை எடுத்துத் துணி சுற்றிக்கொண்டேன். கோட்டின்மேல் வைத்தேன்.

எனக்கு இன்னும் எத்தனையோ கல்யாணம் வரும், சாவு வரும். செங்கல்பட்டுக்கு மறுபடி போவேன். அப்போது இந்தக் கண்ணாடிக்கு வெளியே உஷா நிற்பாள். அவள் கை பாதியில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் இஸ்திரி வண்டி எதிரே நிற்கும் என்று என்ன நிச்சயம்?

பிளேடை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். மறுபடி எடுத்தேன். பத்மா குஞ்சம் முடிந்துகொண்டே என்னைப் பார்ப்பதும் பார்க்காததுமாக இருந்தாள்.

வயிறு எரிந்தது. எரியட்டும் என்று நிமிர்ந்தேன்.

"ஏய் உஷா, இங்க வா."

"இன்னாக்கா?"

"உன் வளையல் ஒண்ணு எடுத்துக்கினு வா."